நூறு டாலருக்குப் பன்னிரண்டரை சென்ட்: கால்ட்ரெயின் சேவையை மீட்ட சட்டமும் அதன் செலவும்

2020 மார்ச் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேவுக்கும் இடையே வேலைநாள் ஒன்றுக்கு 92 ரயில்களை ஓட்டிக்கொண்டிருந்த கால்ட்ரெயின் நிறுவனம், அதே மாத இறுதியில் 42 ரயில்களை மட்டுமே ஓட்டியது. பதினேழு மாதங்கள் கழித்து, 2021 ஆகஸ்ட் 30 அன்று, அதே பாதையில் 104 ரயில்கள் ஓடத் தொடங்கின. பெருந்தொற்றுக்கு முந்தைய அளவையும் தாண்டிய எண்ணிக்கை இது. பயணிகள் திரும்பி வந்ததால் இந்த மீட்சி நடக்கவில்லை. அவர்கள் அப்போது வந்திருக்கவேயில்லை. 2017இல் கலிஃபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டமும், அதன் வழியே 2020 நவம்பரில் மூன்று கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட ஒரு விற்பனை வரியுமே அதற்குக் காரணம். அந்தச் சட்டம் எதைச் சாதித்தது, யார் அதற்கு விலை கொடுத்தார்கள், எதை அது தீர்க்காமல் விட்டது என்பவற்றை இந்த ஆய்வு பார்க்கிறது.

சொந்த வருவாய் இல்லாத ரயில்

சான் பிரான்சிஸ்கோ தீபகற்பத்தின் இந்தப் பாதை 1860களில் போடப்பட்டது. பிறகு நெடுங்காலம் சதர்ன் பசிபிக் என்ற தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. பயணிகள் சேவையில் நட்டம் ஏறிக்கொண்டே போகவே, அதை நிறுத்திவிட அனுமதி வேண்டும் என்று அந்நிறுவனம் 1977இல் விண்ணப்பித்தது. மாநில அரசு 1980இல் மானியம் கொடுத்துச் சேவையைத் தாங்கிப்பிடித்தது. 1991இல் சான் பிரான்சிஸ்கோ, சான் மட்டேயோ, சாண்டா கிளாரா ஆகிய மூன்று கவுண்டிகளின் சார்பில் ஒரு கூட்டு வாரியம் 21.2 கோடி டாலருக்கு இருப்புப் பாதையை விலைக்கு வாங்கியது. அப்போது மற்ற இரு கவுண்டிகளின் பங்கையும் சேர்த்து முன்பணமாகக் கொடுத்தது, சான் மட்டேயோவின் பேருந்து நிறுவனமான சாம்ட்ரான்ஸ். அதற்கு ஈடாக ரயிலை நிர்வகிக்கும் முகமை என்ற பொறுப்பு அதனிடமே தங்கியது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த சண்டைக்கு வித்து விழுந்தது இங்கேதான்.

கூட்டு வாரியத்துக்குப் பாதை கிடைத்ததே தவிர, நிலையான வருவாய் எதுவும் கிடைக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் மற்றொரு பெரிய ரயில் சேவையான பார்ட்டுக்குத் தொடக்கக் காலம் முதலே விற்பனை வரியில் பங்கு உண்டு. கால்ட்ரெயினுக்கு அப்படி ஒரு சென்ட்கூடக் கிடையாது. மூன்று கவுண்டிகளின் போக்குவரத்து நிறுவனங்கள் ஆண்டுதோறும் தத்தம் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கித் தரும் பங்குத் தொகையும், பயணச்சீட்டு வருவாயுமே அதன் வரவு. மூன்றில் ஒன்று தன் பங்கைக் குறைத்தால் மற்ற இரண்டும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. 2011இல் சாம்ட்ரான்ஸ் சொந்த நெருக்கடியில் சிக்கித் தன் பங்கைக் குறைத்தபோது, அன்று ஓடிய 86 ரயில்களை 48 ஆகக் குறைப்பது, வார இறுதிச் சேவையை நிறுத்துவது, சில நிலையங்களை மூடுவது என்ற அளவுக்குப் பேச்சு போயிற்று. ஒருமுறை மட்டும் கிடைக்கும் நிதிகளை அங்குமிங்கும் திரட்டி அந்த ஆண்டு சமாளித்தார்கள். அடிப்படை நோய் அப்படியே இருந்தது.

பிறகு வந்த சிலிக்கான் பள்ளத்தாக்கின் செழிப்பு அந்த நோயை மறைத்துவிட்டது. 2019ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேலைநாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 65,000 பேர் பயணித்தார்கள். இயக்கச் செலவில் 70 சதவீதத்துக்கும் மேல் பயணச்சீட்டிலிருந்தே வந்தது. அமெரிக்காவின் பொதுப் போக்குவரத்தில் இது மிக அபூர்வமான விகிதம். வாரியக் கூட்டங்களில் பெருமையோடு சொல்லப்பட்ட விகிதமும்கூட. இந்த வருவாயில் கணிசமான பகுதி 'கோ பாஸ்' என்ற ஏற்பாட்டின் வழியே வந்தது: நிறுவனங்கள் தம் ஊழியர் அனைவருக்கும் ஆண்டுச் சீட்டை மொத்தமாக வாங்கிக்கொடுக்கும், ஊழியர் ரயிலேறினாலும் ஏறாவிட்டாலும். ஆக, ரயிலின் வருமானம் ஒரே ஒரு வகை மனிதரைச் சார்ந்திருந்தது. காலையில் அலுவலகம் போய் மாலையில் திரும்பும், மடிக்கணினியை விரித்தால் வீட்டிலிருந்தும் அதே வேலையைச் செய்யக்கூடிய ஊழியர் அவர். 2020 மார்ச்சில் அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். பயணிகள் எண்ணிக்கை 95 சதவீதத்துக்கு மேல் சரிந்தது.

மூன்றாண்டுகள் உறங்கிய சட்டம்

நிலையான வரி வேண்டும் என்ற எண்ணம் பெருந்தொற்றுக்கு முன்பே சட்டமாகிவிட்டது என்பதுதான் இந்த நிகழ்வின் சிறப்பு. தீபகற்பத்தைச் சேர்ந்த மாநில செனட்டர் ஜெரி ஹில் கொண்டுவந்த செனட் மசோதா 797இல் ஆளுநர் ஜெரி பிரவுன் 2017 அக்டோபரில் கையெழுத்திட்டார். மூன்று கவுண்டிகளிலும் சேர்த்து நூற்றுக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.125 சதவீதம், விற்பனை வரி விதிக்க அது வழிசெய்தது. உள்ளூர் விற்பனை வரிகளின் கூடுதலுக்கு மாநிலம் வகுத்திருந்த 2 சதவீத உச்சவரம்பிலிருந்தும் இந்த வரிக்கு விலக்கு தந்தது. ஏற்கெனவே பல வரிகளால் வரம்பை எட்டிவிட்ட கவுண்டிகளில் இந்த விலக்கு இல்லாமல் மசோதாவே வெறும் காகிதமாகியிருக்கும்.

ஆனால் வரியை விதிக்கும் அதிகாரத்தைச் சட்டம் யாருக்கும் நேராகத் தரவில்லை. முதலில் கால்ட்ரெயின் வாரியம் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதற்கு மூன்று கவுண்டிகளை ஆளும் மேற்பார்வையாளர் குழுக்களும், மூன்று போக்குவரத்து நிறுவனங்களின் வாரியங்களும் தனித்தனியே ஒப்புதல் தர வேண்டும். ஆக மொத்தம் ஏழு அமைப்புகள். அதன் பிறகு வாக்காளர்களிடம் போக வேண்டும். மூன்று கவுண்டிகளின் வாக்குகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும்போது மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்திருக்க வேண்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்கான உள்ளூர் வரிக்கு இந்த மூன்றில் இரண்டு பங்கு என்ற தடை 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு முதல் கலிஃபோர்னியாவில் நிலைத்திருப்பது. ஏழு பூட்டுகளையும் திறந்து, எட்டாவதாக வாக்காளரின் பூட்டையும் திறக்க வேண்டும் என்று எழுதப்பட்ட ஒரு சட்டம், ரயில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மூன்றாண்டுகளில் யாராலும் தொடப்படாமல் கிடந்ததில் வியப்பில்லை.

2020 கோடையில் நிலைமை தலைகீழானது. மத்திய அரசின் பெருந்தொற்று நிவாரணமாகக் கால்ட்ரெயினுக்கு ஏறத்தாழ 6.4 கோடி டாலர் கிடைத்திருந்தது. அது சில மாதங்களுக்குத்தான் காணும் என்பதும், பிறகு சேவையை முற்றிலுமாக நிறுத்த வேண்டி வரலாம் என்பதும் வெளிப்படையாகப் பேசப்பட்டன. நவம்பர் வாக்குச்சீட்டில் வரியை ஏற்றக் கடைசி நாள் ஆகஸ்ட் 7.

அந்தக் கடைசி வாரங்களில் பேரம் வரியைப் பற்றி நடக்கவில்லை; ரயில் யாருடையது என்பதைப் பற்றி நடந்தது. மூன்று கவுண்டி மக்களும் கட்டப்போகும் வரியை ஒரு கவுண்டியின் பேருந்து நிறுவனம் நிர்வகிப்பது முறையல்ல, சாம்ட்ரான்ஸின் பிடியிலிருந்து கால்ட்ரெயின் விடுபட வேண்டும் என்று சான் பிரான்சிஸ்கோ மேற்பார்வையாளர்களான ஆரன் பெஸ்கினும் ஷமான் வால்டனும் வாதிட்டார்கள். ஜூலை நடுவில் சான் பிரான்சிஸ்கோ மேற்பார்வையாளர் குழு தீர்மானத்தை எடுத்துக்கொள்ளவே முன்வராதபோது வரி செத்துவிட்டது என்றே பலரும் எழுதினார்கள். பிறகு, நிர்வாக மாற்றம் நடக்கும்வரை வரிப் பணத்தின் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் நிபந்தனையோடு ஒரு வடிவம் முன்வைக்கப்பட்டது. சான் மட்டேயோ தரப்பு அதை ஏற்கவில்லை. 1991இல் யாரும் பணம் தராதபோது முன்பணம் கட்டியவர்கள் நாங்கள், இப்போது வெளியேறச் சொல்கிறீர்களா என்பது அவர்கள் கேள்வி. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. ஆனால் வேலைக்குப் போக வேறு வழியில்லாத மருத்துவமனைப் பணியாளரும் துப்புரவுத் தொழிலாளரும் 42 ரயில் அட்டவணையை நம்பி நடைமேடையில் நின்றிருந்த நாட்களில் அந்த நியாயங்களை அளந்துகொண்டிருந்ததை மன்னிப்பது எளிதல்ல.

கெடு முடியும் தறுவாயில் சமரசம் ஏற்பட்டது. நிபந்தனை ஏதுமின்றி வரி வாக்குச்சீட்டில் ஏறியது. நிர்வாக மாற்றத்தைப் பற்றி ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுப்போம் என்று வாரியம் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. நவம்பரில் ஆர்.ஆர். என்ற எழுத்துக்களோடு வந்த அந்த வரிக்கு 69 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். தேவைப்பட்டது 66.7. யாரும் ரயிலேறாத ஓராண்டில், ரயிலுக்காக முப்பதாண்டு வரியை மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஏற்றுக்கொண்டது சாதாரணமானதன்று.

சுமை யார் மேல்

வரி 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் தருகிறது. தனிமனிதக் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாத தொகை. நம்மவர் கணிசமாக வாழும், சாண்டா கிளாரா கவுண்டியின் சன்னிவேலில் ஒருவர் கடைக்குப் போய் அரிசியும் பருப்பும் காய்கறியும் வாங்கினால் ரயிலுக்கு ஒன்றும் போகாது, ஏனென்றால் சமைக்காத உணவுப் பொருட்களுக்குக் கலிஃபோர்னியாவில் விற்பனை வரி இல்லை. அதே மனிதர் 100 டாலருக்கு ஒரு மிக்சி வாங்கினால் பன்னிரண்டரை சென்ட் போகும். 30,000 டாலருக்குக் கார் வாங்கினால் 37 டாலர் 50 சென்ட் போகும். கார் வாங்குபவர் ரயிலுக்குக் கொடுக்கும் இந்தத் தொகை, ரயிலில் சில தடவை போய்வரும் கட்டணத்துக்குச் சமம் என்பது ஒரு சிறு வேடிக்கை.

ஆனால் விற்பனை வரி ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே விகிதத்தில் விழுவது. வருமானத்தோடு ஒப்பிட்டால் ஏழையின் மேல் கூடுதலாக விழுவது. கால்ட்ரெயினின் வழக்கமான பயணியோ அந்தப் பகுதியின் வசதி மிக்க ஊழியர். ரயிலேறாத ஏழை வரி கட்டி, ரயிலேறும் பொறியாளரைச் சுமக்கிறார் என்ற எதிர்ப்பு வலுவானது. வாரியம் இதை உணர்ந்திருந்தது. 2020 இலையுதிர் காலத்தில் அது சமத்துவத்தையும் மீட்சியையும் இணைத்து ஒரு கொள்கைச் சட்டகத்தை ஏற்றது, குறைந்த வருமானத்தினருக்கு அரைக் கட்டணத் திட்டத்தில் பங்கேற்றது, அட்டவணையையும் மாற்றியது. 2021 ஆகஸ்டில் திரும்பி வந்தது பழைய அட்டவணை அன்று. உச்ச நேரத்தில் மணிக்கு நான்கு ரயில்கள் என்பதோடு, பழைய அட்டவணையில் மணிக்கு ஒன்றாகத் தேய்ந்திருந்த நண்பகலுக்கும் இரவுக்கும் அரைமணிக்கு ஒரு ரயில் கிடைத்தது. மறு மாதம் முழுக்கப் பாதிக் கட்டணம் மட்டுமே வசூலித்தார்கள். மருத்துவமனையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வருபவருக்கு, காலை எட்டு மணிக்கு ஓடும் விரைவு ரயிலைவிட இரவு ஒன்பதரைக்கு ஓடும் சாதாரண ரயிலே பெரிது. கட்டண வருவாயை நம்பியிருந்தவரை அந்த ரயிலை ஓட்டுவதற்குக் கணக்கில் இடமில்லை. வரி வந்த பிறகே இடம் வந்தது. இந்தச் சட்டத்தின் உண்மையான ஆதாயம் என்று நான் எண்ணுவது இதைத்தான்.

ஆளே இல்லாதபோது 104 ரயில்கள் எதற்கு என்ற கேள்வி அப்போது பரவலாக எழுந்தது. புறநகர் ரயிலின் செலவு ரயில்களின் எண்ணிக்கையோடு நேர்விகிதத்தில் ஏறி இறங்குவதில்லை. பாதைப் பராமரிப்பு, சைகை அமைப்பு, கடவுப்பாதைகள், பணிமனை, காப்பீடு ஆகியவை 42 ரயில் ஓடினாலும் 104 ஓடினாலும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ரயிலைப் பாதியாக்கினால் செலவு பாதியாவதில்லை. ஆனால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டிய ரயிலை நம்பி யாரும் காரை விற்பதில்லை என்பதால், பயணிகள் பாதிக்கும் கீழே போய்விடுவார்கள். எனவே வெட்டுவதில் மிச்சமாகும் டாலர் குறைவு, இழக்கும் பயணி அதிகம். வெட்டிய சேவையில் திரும்பி வராமலே போனதும் உண்டு: வார இறுதியில் மட்டும் ரயில் நின்றுவந்த ஆதர்ட்டன் நிலையம் 2020 டிசம்பரில் நிரந்தரமாக மூடப்பட்டது.

இனி, வரவில் ஏறிய தொகை முழுவதும் கூடுதல் வரவு அன்று என்பதையும் கவனிக்க வேண்டும். வரி வந்ததும் மூன்று கவுண்டிகளின் போக்குவரத்து நிறுவனங்கள் இயக்கச் செலவுக்குத் தாம் தந்துவந்த பங்கை நிறுத்திக்கொண்டன. பெருந்தொற்றுக்கு முன் அந்தப் பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடி டாலர். பல ஆண்டுகளாகத் தம் பேருந்துகளுக்குப் போயிருக்க வேண்டிய பணத்தை ரயிலுக்குத் தந்தவர்கள் என்ற வகையில் அவர்கள் நிறுத்தியதில் நியாயம் உண்டு. ஆனால் சட்டம் எழுதப்பட்டபோது, பயணச்சீட்டு வருவாய் 10 கோடியும் வரி 10 கோடியும் சேர்ந்து வளர்ச்சிக்குப் போதும் என்பதே மனக்கணக்கு. நடந்ததோ, வரி வந்த அதே ஆண்டுகளில் பயணச்சீட்டு வருவாய் பாதிக்கும் கீழே கிடந்தது. வளர்ச்சிக்கென்று வாங்கிய வரி ஓட்டையை அடைக்கவே போயிற்று.

மின்சாரமும் மறுபடி பற்றாக்குறையும்

இதற்கிடையே பாதையை மின்மயமாக்கும் பணி நடந்துகொண்டிருந்தது. 2017இல் 64.7 கோடி டாலர் மத்திய மானியத்தோடு தொடங்கிய அந்தத் திட்டத்தின் செலவு 198 கோடியிலிருந்து 244 கோடி டாலராக ஏறியது. 2024 செப்டம்பர் 21 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் ஹோசேவரை முழு மின்சாரச் சேவை தொடங்கியது. ஸ்டாட்லர் நிறுவனத்தின் ஈரடுக்கு ரயில்கள் விரைந்து புறப்பட்டு விரைந்து நிற்பதால், எல்லா நிலையங்களிலும் நின்று போகும் ரயிலே ஏறத்தாழ இருபது நிமிடங்களை மிச்சப்படுத்தியது. வார இறுதியில் மணிக்கு ஒன்றாக இருந்த ரயில் அரைமணிக்கு ஒன்றானது. பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரத்தில் ஒரு பகுதி, மொத்தப் பயன்பாட்டில் ஏறத்தாழ 23 சதவீதம், மின்தொகுப்புக்கே திரும்பிப் போவது எதிர்பாராத வரவாக அமைந்தது.

பயணிகள் வந்தார்கள். 2025 ஜூனில் முடிந்த நிதியாண்டில் ஏறத்தாழ 91 லட்சம் பயணங்கள் பதிவாயின. முந்தைய ஆண்டைவிட 47 சதவீதம் கூடுதல். இருந்தாலும் 2019இன் அளவில் இது ஏறத்தாழ பாதிதான். ஆண்டுக்குப் பத்துக் கோடிக்கு மேல் வரும் வரியை 91 லட்சத்தால் வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு பயணத்துக்கும் வாக்காளரின் பங்கு 11 டாலரைத் தாண்டுகிறது. மின்சாரக் கட்டணம், இரட்டிப்பான வார இறுதிச் சேவை, டீசல் வண்டிகளிலிருந்து மாறிய பராமரிப்பு முறை ஆகியவற்றால் இயக்கச் செலவும் ஏறியது. விளைவாக, 2026-27 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடி டாலர் பற்றாக்குறை வரும் என்று நிறுவனம் அறிவித்தது. பணம் கிடைக்காவிட்டால் மணிக்கு ஒரு ரயில், இரவு ஒன்பதோடு சேவை நிறுத்தம், வார இறுதியில் ரயிலே இல்லை, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலையங்கள் மூடல் என்று வெட்டின் வரைபடத்தையும் வெளியிட்டது. 244 கோடி டாலர் செலவழித்துக் கட்டிய மின்பாதையில் மணிக்கு ஒரு ரயில் என்பதை யோசித்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

நிர்வாகச் சண்டை, சொன்ன கெடுவைத் தாண்டினாலும், 2022இல் ஓர் ஒப்பந்தமாக முடிந்தது. சாம்ட்ரான்ஸ் நிர்வாக முகமையாகவே தொடர்கிறது. கால்ட்ரெயினின் செயல் இயக்குநர் மட்டும் நேரே கூட்டு வாரியத்துக்குப் பதில் சொல்பவராக ஆனார். 1991 முன்பணத்தின் நிலுவை தீர்க்கப்பட்டது.

அடுத்த சட்டம் 2025இல் வந்தது. ஸ்காட் வீனர், ஜெசி அரெகீன் என்ற இரு செனட்டர்கள் கொண்டுவந்த செனட் மசோதா 63இல் ஆளுநர் கேவின் நியூசம் அக்டோபர் 13 அன்று கையெழுத்திட்டார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சதவீதமும், அலமேடா, கான்ட்ரா காஸ்டா, சான் மட்டேயோ, சாண்டா கிளாரா ஆகிய நான்கு கவுண்டிகளில் அரை சதவீதமும் விற்பனை வரி விதிப்பதை 2026 நவம்பரில் வாக்காளர் முன் வைக்க அது வழிசெய்கிறது. மொத்த வரவு ஆண்டுக்கு ஏறத்தாழ 98 கோடி டாலர் என்று மதிப்பிடப்படுகிறது. அதில் பெரும்பகுதி பார்ட்டுக்கும் சான் பிரான்சிஸ்கோ நகரப் போக்குவரத்துக்கும் போகும், கால்ட்ரெயினின் பங்கு அதன் பற்றாக்குறையை ஒட்டிய 7.5 கோடி டாலர்.

இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்தால் சட்டமியற்றியவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பது தெரிகிறது. 797 ஏழு அமைப்புகளின் ஒப்புதலைக் கேட்டது. 63 அந்தப் படிகளைத் தாண்டி, வாக்காளரிடம் கையெழுத்துத் திரட்டி வாக்குச்சீட்டில் ஏற்றும் வழியையும் திறந்துவைத்தது. மக்கள் முன்முயற்சியாக வரும் வரிக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று கலிஃபோர்னிய நீதிமன்றங்கள் 2017 முதல் கூறிவருவதால், மூன்றில் இரண்டு பங்கு என்ற தடையும் அந்த வழியில் விலகுகிறது. பணத்தைப் பெறும் நிறுவனங்களின் செலவைத் தணிக்கை செய்யும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. ஆனால் 797இன் வரி முப்பதாண்டுக்கு. 63இன் வரி பதினான்கு ஆண்டுக்கு மட்டுமே. இரண்டிலுமே, எத்தனை ரயில் ஓட வேண்டும் என்ற எண் எழுதப்படவில்லை. 2021இல் 104 என்று முடிவெடுத்தது வாரியம்தான், சட்டம் அன்று. நாளை அதை 34 ஆக்க முடிவெடுக்கும் அதிகாரமும் அதே வாரியத்திடம்தான் இருக்கிறது. வரி கட்டுபவருக்கு, இத்தனை மணிக்குள் இத்தனை ரயில் என்ற குறைந்தபட்ச உறுதியைச் சட்டத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். நிதி நெருக்கடியில் வாரியத்தின் கையைக் கட்டிப்போடும் என்று அதற்கு மறுப்பும் சொல்லலாம். ஆனால் கையைக் கட்டாமல் விட்டபோது முதலில் வெட்டுப்பட்டது 2011இன் திட்டத்திலும் 2025இன் திட்டத்திலும் வார இறுதி ரயில்களும் சிறு நிலையங்களும்தான்.